லயத்துக் காட்சியகம்: வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவில், குடியிருந்தவர்கள் புது வீடுகளுக்குப் போய்விட்ட பழைய லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) ஒன்றில் நான்கு காம்பராக்களை (அறைகளை) சேர்த்து இந்தச் சிறிய காட்சியகத்தை நடத்துகிறோம். நடத்துகிறவர்கள் எல்லோரும் இதே தோட்டத்துப் பிள்ளைகள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஆசிரியைகள் இருவர், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) முப்பது வருடம் வேலைசெய்த ஒருவர், கொழும்பிலிருந்து பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டுக்கு வரும்போது தூசு தட்டிக்கொடுக்கும் இளைஞர்கள். வாசலில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறோம்.

இது தேயிலை மியூசியமா?

இல்லை. கொழுந்தை வாடவைத்து, அரைத்து, காயவைக்கும் இயந்திரங்களைப் பார்க்க ஆசை இருந்தால் கண்டிக்கு மேலே ஹந்தானைக்குப் போங்கள். பழைய தொழிற்சாலைக் கட்டடத்திலேயே நல்ல அருங்காட்சியகம் இருக்கிறது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரைப் பற்றியும் அங்கே அறிந்துகொள்ளலாம். அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியது யார், அவர்களுடைய பெயர் என்ன என்று கேட்கிற இடம் இது.

அப்படிக் கேட்டவர்களில் நாங்கள் முதல் ஆட்களும் இல்லை. கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்தில் 2007இலிருந்து தோட்டத் தொழிலாளருக்கான அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் துணிச்சல் வந்தது. நேரம் இருந்தால் அங்கேயும் போய்வாருங்கள்.

லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்து அழகாக்கியிருக்கலாமே?

மூன்று காம்பராக்களுக்கு அடித்திருக்கிறோம். தொங்கல் (கடைசி) காம்பராவைத் தொடவில்லை. அந்தக் குடும்பம் விட்டுப்போன மாதிரியே இருக்கிறது. கரிபிடித்த சுவர், அடுப்பு, அதற்கு மேலே விறகு காயவைத்த பரண், சாமிப்படம் மாட்டியிருந்த ஆணி, பிள்ளைகளின் உயரத்தைக் கோடுபோட்டுக் குறித்த கதவு நிலை. காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஓர் இஸ்தோப்பு (திண்ணை). பார்க்க வருகிறவர்களைப் பத்துப் பத்துப் பேராக உள்ளே அனுப்புகிறோம். மூச்சு முட்டுகிறது என்று சிலர் உடனே வெளியே வந்துவிடுகிறார்கள். அதே காம்பராவில் ஒன்பது பேர் சமைத்தார்கள், படுத்தார்கள், பரீட்சைக்குப் படித்தார்கள், பிள்ளை பெற்றார்கள். சுவரில் உள்ள கரி அவர்களுடைய சமையல். அதன்மேல் வெள்ளையடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

உள்ளே வந்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

இடதுபுறக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் தகர வில்லையைப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கயிறு கோக்க ஒரு துளை, அதன் கீழே தட்டிப் பதித்த எழுத்தும் எண்ணும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கூட்டிவர இந்தத் தகர டிக்கெட் முறையைக் கொண்டுவந்தார்கள். இந்த ஆள் எந்தத் தோட்டத்துக்குப் போகிறார், அவருடைய பிரயாணச் செலவை யாரிடம் அறவிடுவது என்பதை வில்லையைப் பார்த்தே சொல்லிவிடலாம். கழுத்தில் தொங்கிய இந்த எண்தான் முகாம், கப்பல், ரயில் என்று ஒவ்வோர் இடமாக அவர்களைக் கடத்திவிட்டது.

வில்லையைக் கொண்டுவந்து தந்தவர் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. யாருடையது என்று கேட்டோம். தன் பாட்டியின் அம்மாவுடையது என்றார். அவர் பெயர் என்ன என்று கேட்டோம். வெகுநேரம் யோசித்தார். “பூட்டின்னுதான் சொல்லுவாங்க. பேரு தெரியலையே சாமி” என்று சொல்லிவிட்டு அழுதார். எண் அப்படியே இருக்கிறது, தேயவில்லை. பெயர் போய்விட்டது.

அன்று ஒரு முடிவு எடுத்தோம். எங்கள் பதிவேட்டில் முதல் நிரலில் ஆளின் பெயரை எழுதுகிறோம், பொருளின் பெயர் இரண்டாவதாக வருகிறது. இங்கே கவ்வாத்துக் கத்தி என்று ஒரு கத்தி கிடையாது. இன்னாருடைய கத்தி, அவர் எந்த மலையில் கவ்வாத்து வெட்டினார், எந்த வருடம் வேலைப் பதிவிலிருந்து பேர் எடுபட்டது என்று எழுதியிருக்கும். வில்லைக்குப் பக்கத்தில் மட்டும் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கிறது.

‘துண்டு’ என்பது என்ன?

தகர டிக்கெட்டுக்கும் முந்தியது. ஒரு கங்காணியின் (ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவந்தவரின்) ஆட்களுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று ஒரு தோட்டத்துத் துரை (தோட்ட நிர்வாகி) எழுதித்தரும் சீட்டு அது. ஊரில் வாங்கிய முன்பணம், வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கடனாகவே ஏறின. வேலைக்கு வந்த முதல் நாளே ஆள் கடனாளி. புதிய துரை பழைய கடனைக் கட்டி ஆட்களை எடுப்பார், அந்தத் தொகை புதிய கணக்கில் ஏறும். தோட்டம் மாற மாறக் கடன் கூடியதே தவிரக் குறையவில்லை. 1921இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். எங்களிடம் இருப்பது அசல் இல்லை, நகல். அசல் யாருடைய பெட்டியிலாவது இருந்தால் ஒரு தடவை பார்க்கத் தாருங்கள், அதுவே போதும்.

தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. கோப்பிக் காலம் அது. பொதுவாக 1823ஐத் தொடக்கமாக வைத்து எண்ணுகிறோம். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிமாருடன் புறப்பட்டு, தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்களுக்குக் கல்லறை கிடையாது.

வருகிறவர்கள் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் கூட்டமாக ஆள் வேண்டும். அது முடிந்ததும் நிறையப் பேர் ஊருக்குத் திரும்பினார்கள், வந்தவர்களில் ஆண்களே அதிகம். 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் துருநோய் தெரிந்தது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்து மலைகளில் தேயிலை ஏறியது. தேயிலைக்கு வருடம் முழுக்க, வாராவாரம் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்களின் கை வேண்டும், குடும்பம் நிரந்தரமாக மலையிலேயே இருக்க வேண்டும். ஒரு பூஞ்சணம் செடியை மாற்றியது, செடி மாறியதால் போய்வந்துகொண்டிருந்த ஆட்கள் இந்த நாட்டிலேயே ஊன்றிய ஒரு சமூகமானார்கள். மூன்றாவது காம்பராவின் சுவர் முழுக்க இந்தக் கதைதான்.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ரயிலையும் கப்பலையும் இணைத்த பிறகு மண்டபம் முகாம் வழியாக வந்தார்கள். 2023இல், இருநூறாவது ஆண்டை நினைத்து ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மறுபடியும் நடந்தார்கள். எங்களில் இருவரும் போனார்கள். அவர்களுடைய தேய்ந்த செருப்பும் அதே சுவரின் கீழ் இருக்கிறது.

தப்பு மேளத்தை ஏன் பெரட்டுக் களத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள்? அது கோயில் சாமான் இல்லையா?

எங்களுக்குள்ளேயே நிறைய வாதம் நடந்த விஷயம் இது. விடியுமுன் லயங்களில் தப்படித்துத்தான் ஆட்களை எழுப்பினார்கள். அந்தச் சத்தத்தில் எழும்பி, அன்றைய வேலையைப் பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஓடினால் அங்கே கணக்கப்பிள்ளை செக்றோலோடு (தொழிலாளர் பெயர்ப்பதிவோடு) நிற்பார். மாசியில் காமன் கூத்துக்கும் இதே தப்புதான், சாவு வீட்டுக்கும் இதே தப்புதான். ஆனால் யாரைத் தப்படிக்க வைத்தார்கள் என்பது தோட்டத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். ஊரிலிருந்த சாதி தோணியேறி இங்கேயும் வந்தது. லயம் பிரித்துக் கொடுத்ததிலும் அது இருந்தது, கங்காணியாக யார் வந்தார்கள் என்பதிலும் இருந்தது.

துரைமார் செய்த கொடுமையைச் சொல்லும் காட்சியகம் நம்மவர் நம்மவருக்குச் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். தப்பைக் கோயில் சாமான்களோடு மாட்டினால் அழகாக இருந்திருக்கும், அடித்தவர் மறைந்திருப்பார். அதனால் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். அடித்த பெரியவரின் பெயரையும், எந்தத் தாளத்துக்கு என்ன அர்த்தம் என்று அவர் பேரன் சொன்னதையும் எழுதி வைத்திருக்கிறோம். அந்தப் பேரன் இன்று சம்பளம் பேசி மேடையில் தப்படிக்கிற கலைஞர். மாசி மாதத்தில் வந்தால் அவர் கையாலேயே கேட்கலாம்.

கொழுந்து எடுக்கும் பெண்கள் சிரிக்கும் படம் ஒன்றுகூட இல்லையே?

அந்தப் படம் உலகத்தில் எல்லாத் தேயிலைப் பெட்டியிலும் இருக்கிறது, இங்கே வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அதற்குப் பதிலாக ஒரு கூடை இருக்கிறது. கயிற்றைத் தலையில் மாட்டிப் பாருங்கள், உள்ளே கல் வைத்துப் பாரம் ஏற்றியிருக்கிறோம். இடுப்பில் கட்டும் படங்கு இருக்கிறது. மழைக்கு முதுகில் போட்ட கறுப்புக் கம்பளி இருக்கிறது, நனைந்தால் அதன் பாரமும் சேரும். கொழுந்து வாதின் (கிளையின்) மேல்மட்டம் தப்பாமல் எடுக்கச் செடியின்மேல் வைக்கும் மட்டக்கம்பும் உண்டு. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அதை எத்தனை தரம் கிள்ள வேண்டும் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்வோம்.

1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு அதைவிடக் குறைய ஒன்று, பிள்ளைக்கு இன்னும் குறைய ஒன்று என்றுதான் நாட்சம்பளம் நிர்ணயித்தார்கள். ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் பெண்ணுக்கு 1984இல்தான் கிடைத்தது. அந்தக் கூடைக்குப் பக்கத்தில் தொட்டில் சீலை ஒன்றும் தொங்குகிறது. பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) கட்டியது. கூடைக்காரியின் பெயரும் சீலையில் படுத்த பிள்ளையின் பெயரும் ஒரே அட்டையில் இருக்கின்றன. அந்தப் பிள்ளை எங்கள் ஆசிரியைகளில் ஒருவர்.

ஆவணங்களில் ‘கூலி’ என்று இருக்கிறதே, அதை மறைக்கக் கூடாதா?

அசலில் இருப்பதை மாற்ற எங்களுக்கு உரிமை இல்லை. எங்கள் சொந்த எழுத்தில் அந்தச் சொல் வராது. மலையகத் தமிழர் என்று எழுதுகிறோம். 1911 குடிசன மதிப்பீட்டில்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று முதன்முதலாகப் பிரித்து எண்ணினார்கள், அந்த விவரமும் பக்கத்தில் இருக்கிறது. நம்மை மற்றவர்கள் எப்படி அழைத்தார்கள் என்பதும் நாம் எப்படி அழைத்துக்கொள்கிறோம் என்பதும் ஒரே சுவரில் தெரியட்டும்.

இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் கடதாசிகள் என்ன?

ஒரே குடும்பத்தின் கடதாசிகள். அவர்கள் சம்மதத்தோடு, பெயர்களை மட்டும் மறைத்து வைத்திருக்கிறோம். பெயரை முதலில் எழுதும் நாங்கள் பெயரை மறைத்த ஒரே இடம் இதுதான், அவர்கள் கேட்டுக்கொண்டதால்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போனது. 1949இல் வந்த சட்டத்தின்படி விண்ணப்பித்து, இன்ன வருடத்திலிருந்து இங்கேதான் இருக்கிறோம் என்று காட்டக் கடதாசி தேடி அலைந்தார்கள். தோட்டத்துத் துரை எழுதித்தந்த கடிதம், பிள்ளையின் பள்ளிக்கூடச் சான்று, பிறப்புச் சாட்சிப் பத்திரம் என்று பெட்டியின் அடியில் இருப்பவை எல்லாம் அப்படிச் சேர்த்தவை. அவற்றின்மேலே விண்ணப்பத்தை நிராகரித்த கடிதம்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேர் என்று கணக்கிட்டு 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது என்று பங்கிட்டார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இந்தக் குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. பெட்டியின் மேல்தட்டில் இருப்பது அண்ணனின் இந்தியப் பாஸ்போட்டின் நகலும், கோத்தகிரியிலிருந்து அவர் போட்ட பதினொரு கடிதங்களும். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க அங்கே தமிழக அரசு தேயிலைத் தோட்டம் அமைத்திருந்தது. இங்கே கொழுந்து எடுத்த கை அங்கேயும் கொழுந்து எடுத்தது. ஹட்டன் ஸ்டேசனிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன கோச்சியை (ரயிலை) எங்கள் பெரியவர்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றே சொல்வார்கள். இங்கே மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கெல்லாம் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003இல் வந்தது. தம்பி அதற்கு முந்திய வருடமே காலமாகிவிட்டார்.

இந்தப் பெட்டிக்கு முன்னால் ஒரு வாங்கு (பெஞ்சு) போட்டிருக்கிறோம். பெரியவர்களுக்கு அங்கே உட்காரத் தோன்றும்.

என் பூட்டன் பெயரை உங்களால் தேடித்தர முடியுமா?

சேர்ந்து தேடுவோம். கிடைக்கும் என்று வாக்குத்தர முடியாது. வருமுன் வீட்டில் நான்கு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது, தோட்டத்தின் தமிழ்ப்பெயர். ஆங்கிலப் பதிவில் ஒரு பெயரும் நம் வாயில் வேறொரு பெயரும் இருக்கும். தமிழ்ப்பெயர் பெரும்பாலும் ஒரு துரையையோ கங்காணியையோ மரத்தையோ வைத்து வந்தது, பழைய ஆட்களிடம் விசாரிக்க அதுதான் உதவும். எந்த டிவிசன் (தோட்டத்தின் எந்தப் பிரிவு) என்பதும் தேவை. இரண்டாவது, பெரிய கங்காணி யார் என்பது. ஒரு கங்காணியின் கீழ் வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஊர்ப்பக்கத்தார், சொந்தபந்தம். மூன்றாவது, தமிழ்நாட்டில் குலதெய்வம் எங்கே இருக்கிறது என்பது. ஊர் மறந்துபோன வீட்டிலும் குலதெய்வத்தின் பெயர் இருக்கும், எங்கள் அனுபவத்தில் அதுவே பலருக்கு ஊரைக் காட்டிக்கொடுத்தது. நான்காவது, தாய்வழிப் பெயர்கள். அப்பாவழியை மட்டும் எழுதிக்கொண்டு வருகிறவர்களே அதிகம்.

பிறப்பு, இறப்புப் பதிவுகளில் ஒரே ஆளின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். முத்தாயி, முத்தம்மா, முத்தம்மாள் ஒரே ஆளாக இருக்கலாம், அல்லாமலும் இருக்கலாம். அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். தமிழில் அச்சான பழைய பத்திரிகைகள், சஞ்சிகைகள், நினைவு மலர்களுக்கு நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தையும் பாருங்கள், மலையகம் சார்ந்தவை அங்கே நிறைய உண்டு. நீலகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் இங்கே உறவைத் தேடி வருகிறவர்களுக்கும் இதே நான்கு கேள்விதான்.

வீட்டில் பழைய சாமான்கள் இருக்கின்றன. தரலாமா?

தாருங்கள், ஆனால் கதையோடு தாருங்கள். யார் வைத்திருந்தார், எதற்கு வைத்திருந்தார், ஏன் எறியாமல் வைத்திருந்தார் என்பதை ஒலிப்பதிவு செய்துகொள்வோம். அம்மியும் உரலும் போதும்போதும் என்று சேர்ந்துவிட்டன. செக்றோல் தாள், அரிசிக் கூப்பன், சங்கச் சந்தாச் சீட்டு, தோட்டப் பள்ளிக்கூட இடாப்பு (மாணவர் பதிவேடு), கூத்து ஏட்டுப் பிரதி இவைதான் குறைவு. கொடுக்க மனமில்லாவிட்டால் படம் எடுத்துவிட்டு அன்றைக்கே கையில் தந்துவிடுவோம். நகையை வாங்குவதில்லை.

மண்ணுக்குள் கிடைத்த நாணயம், சிலை, படிகக்கல் கருவி போன்றவற்றை எங்களிடம் கொண்டுவர வேண்டாம். பண்டாரவளைப் பக்கம் கற்காலக் கருவிகள் கிடைத்த மலைநாடு இது. சட்டப்படி 1815 மார்ச் 2ஆம் தேதிக்கு முந்தியவை தொல்பொருள், தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். எடுத்த இடத்தைத் தோண்டாமல் விடுவதும் முக்கியம்.

கடதாசிகளை வீட்டிலேயே எப்படிப் பாதுகாப்பது?

மலைநாட்டு ஈரம்தான் முதல் எதிரி. சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், தரையிலும் வைக்காதீர்கள். லெமினேட் செய்யவே வேண்டாம். சூட்டில் பழைய தாளும் மையும் கெட்டுப்போகும், பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது. கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டினால் சில வருடத்தில் மஞ்சள் கறை இறங்கும். இரும்புக் கிளிப்பும் குண்டூசியும் துருப்பிடிக்கும், கழற்றிவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த தாளை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். காற்றோட்டமான நிழலில் காயவிட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மெல்லிய தூரிகையால் வெளியில் வைத்துத் தட்டுங்கள். புத்தகப் பூச்சிக்கு மருந்து அடிப்பதைவிட மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. பின்புறம் எழுத வேண்டுமானால் பென்சிலால் எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன், இன்றைக்கே ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கு அனுப்பி வையுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தயில் மண் சரிந்தபோது லயங்கள் மனிதர்களோடு புதைந்தன. உயிர் தப்பியவர்கள் அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் இல்லாமல் முகாமில் நின்றார்கள்.

போராட்டங்களைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?

நான்காவது காம்பராவில். 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் தொழிலாளரைச் சங்கமாக்கியது, கூட்டங்களில் அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாடியது, 1940 ஜனவரியில் முல்லோயாவில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் உயிரிழந்தது, 1977 மே 11இல் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் சுடப்பட்டது. படங்கள் குறைவு, பத்திரிகை நகல்களே அதிகம். எங்கள் தோட்டத்து வேலைநிறுத்தத்தைப் பற்றி உயிரோடிருப்பவர்கள் ஐந்து பேர் பேசியதைக் காதில் மாட்டிக் கேட்கலாம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கூடை மாட்டிப் படம் எடுக்கலாமா?

பாரம் தெரிய மாட்டிப் பார்க்கட்டும். வேடம் கட்டிப் படம் எடுப்பதற்குத் தர மாட்டோம். அவர்களில் பாதிப்பேரின் அம்மா அந்த நேரத்தில் மலையில் நிற்கிறார். அதைவிட, ஒவ்வொரு பிள்ளையும் தன் பாட்டிமார் இருவரின் முழுப்பெயரை எழுதிக்கொண்டு வரச்சொல்லி ஆசிரியர்களைக் கேட்கிறோம். நாற்பது பிள்ளைகள் வந்த ஒரு நாளில் இரண்டு பெயரையும் எழுதியவர்கள் ஒன்பது பேர். அடுத்த வாரம் மிச்சப்பேர் வீட்டில் கேட்டு எழுதி அனுப்பினார்கள். அந்தத் தாள்களையும் பதிவேட்டில் சேர்த்திருக்கிறோம்.

எப்போது திறந்திருக்கும்? கட்டணம் எவ்வளவு?

சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி) நாட்களில் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை. மற்ற நாட்களில் முன்கூட்டியே சொன்னால் ஒருவர் வந்து திறப்பார். கட்டணம் இல்லை. உண்டியல் இருக்கிறது, கூரைத் தகரத்துக்காக. பெட்டிக் கடதாசிகளைத் தவிர எதையும் படம் எடுக்கலாம்.

அம்மாச்சிக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. கூட்டிவரலாமா?

கட்டாயம் கூட்டிவாருங்கள். ரோட்டிலிருந்து லயத்துக்கு நாற்பத்திரண்டு படிகள். படிக்குக் கீழே இருக்கும் கடையில் அவருக்கு நாற்காலி போட்டு, சாயத்தண்ணியும் (பால் சேர்க்காத தேநீரும்) ரொட்டியும் கொடுத்து, அவர் பார்க்க விரும்பும் சாமான்களைத் தட்டில் வைத்து நாங்களே இறக்கிக் கொண்டுவருவோம். ஒலிப்பதிவுக் கருவியும் கூடவே வரும். போன மாதம் அப்படி வந்த ஓர் அம்மாச்சி மட்டக்கம்பைக் கையில் வாங்கியதும் தன்னோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்த பதினேழு பேரின் பெயரை, நின்ற வரிசை மாறாமல் சொன்னார். பதினேழையும் எழுதிக்கொண்டோம்.